மக்கள்தொகையா, மக்கள் ஓட்டமா?

காலை எட்டு மணிக்குத் திருப்பூர் அவினாசி சாலையின் ஓரம் நின்று பாருங்கள். பனியன் கம்பெனி வேலைக்குச் செல்வோர் பேருந்திலும் கம்பெனி வேனிலும் இருசக்கர வண்டியிலும் வந்துகொண்டே இருப்பார்கள். இவர்களில் பலருக்கு வீடு அவினாசி, பல்லடம், ஊத்துக்குளிப் பக்கத்துச் சிற்றூர்களில். மக்கள்தொகைக் கணக்கு அவர்களை அந்த ஊர்களிலேயே சேர்க்கிறது. ஆனால் அவர்களைச் சுமப்பது திருப்பூர்ச் சாலை. கோவை மெட்ரோ இரயில் பற்றிய அரசியல் வாதத்தை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடு உதவும்.

வாதம் என்ன?

கோவையில் அவினாசி சாலை, சத்தி சாலை ஆகிய இரு வழிகளில் 34.8 கிலோமீட்டர் மெட்ரோ அமைக்க மாநில அரசு திட்டம் வகுத்தது. மதிப்பீடு 10,740 கோடி ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 309 கோடி. இதில் மத்திய அரசு சமபங்கு ஏற்கவேண்டும் என்று கேட்டது. 2025 நவம்பரில் மத்திய அரசு திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ கொள்கைப்படி 20 இலட்சம் மக்கள் வேண்டும். கோவையில் 2011 கணக்கின்படி 15.84 இலட்சமே என்பது ஒரு முக்கிய காரணம். மதுரைக்கும் இதே விடைதான். ஏறத்தாழ அதே அளவு மக்கள் வாழும் ஆக்ராவுக்கு 2019இல் ஒப்புதல் கிடைத்ததே என்பது தமிழகத்தின் எதிர்வாதம்.

15.84 இலட்சம் என்பது மாநகராட்சி எல்லைக்குள் உள்ள தொகை. அதே 2011 கணக்கில் சுற்றுப்புறங்களையும் சேர்த்த கோவை நகரத் தொகுதிக்கு 21.36 இலட்சம்! எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடுகிறது.

குளமும் வாய்க்காலும்

குளத்து நீரைக் கனமீட்டரில் அளக்கிறோம். வாய்க்கால் நீரையோ நொடிக்கு இத்தனை கனமீட்டர் என்கிறோம். முன்னது இருப்பு, பின்னது ஓட்டம். குளத்தின் கொள்ளளவை மட்டும் வைத்து வாய்க்காலின் அகலத்தை முடிவு செய்ய முடியுமா? போக்குவரத்திலும் அப்படியே. நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில், ஒரு திசையில், ஓரிடத்தைக் கடப்போர் எத்தனை பேர் என்பதே அடிப்படை அளவு.

நிமிடத்துக்கு ஒரு பேருந்து, அதில் 60 பேர் என்று கொள்வோம். மணிக்கு 3,600 பேர் செல்லலாம். மூன்று பெட்டி மெட்ரோவில் 900 பேர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் மணிக்கு 10,800 பேர். இடைவெளியை இரண்டரை நிமிடமாகக் குறைத்தால் 21,600 பேர்.

ஆகவே ஓட்டம் 3,000 என்றால் பேருந்தே போதும்; கிலோமீட்டருக்கு 309 கோடி வீண். 10,000ஐத் தாண்டினால், மாநகராட்சி எல்லைக்குள் எத்தனை பேர் உறங்கினாலும் சாலை திணறத்தான் செய்யும். கோவைத் திட்டத்தின் பயணிகள் மதிப்பீட்டையும் மத்திய அரசு ஐயுற்றது. அது நியாயமான கேள்வி. அதற்கு விடை அளவெடுப்பில் கிடைக்கும்; மக்கள்தொகையில் கிடைக்காது.

திருப்பூருக்கு எது?

2011இல் திருப்பூர் நகரத் தொகுதியின் மக்கள்தொகை சுமார் 9.6 இலட்சம். 20 இலட்சம் என்ற விதி நமக்குக் கதவை அடைத்துவிடுகிறது. ஆனால் நமக்கு வேண்டியது மெட்ரோதானா? கிலோமீட்டருக்கு ஒரு நிலையத்தில் நின்று செல்லும் வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் அளவே. கோவைக்குச் செல்ல 50 கிலோமீட்டர்; ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். நெடுந்தொலைவுக்கு நிலையங்கள் குறைவாகவும் வேகம் மிகுதியாகவும் இருக்கவேண்டும். டெல்லி–மீரட் வழியில் 2023 முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட இரயில் அத்தகையது. கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் இடையே 185 கிலோமீட்டருக்கு அத்தகைய வழி இயலுமா என ஆராயப்படும் என்று 2025–26 மாநில வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. இதற்கும் ஓட்டக்கணக்கே அடிப்படை.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். நண்பர்கள் நால்வர் ஒரு வேலைநாளில் எட்டிலிருந்து ஒன்பது மணிவரை சாலையோரம் நில்லுங்கள். ஒரு திசையில் செல்லும் பேருந்து, வேன், கார், இருசக்கர வண்டிகளை ஆளுக்கொரு வகையாக எண்ணுங்கள். ஒவ்வொரு வகையிலும் சராசரியாக எத்தனை பேர் என்று கணித்துப் பெருக்கிக் கூட்டுங்கள். மெட்ரோ வேண்டும் என்போரிடமும் வேண்டாம் என்போரிடமும் அந்த எண்ணைக் காட்டி, “உங்கள் கணக்கு என்ன?” என்று கேளுங்கள்.