காதற் புதினம் எழுதப் புகுவோர்க்கு

காதற்கதை எழுதுவது எளிது என்று பலரும் எண்ணுகின்றனர். இருவர் கண்டனர், காதலித்தனர், பெற்றோர் தடுத்தனர், ஈற்றில் மணம் முடிந்தது, அன்றேல் ஒருவர் உயிர் நீத்தார். இவ்வளவையும் இரண்டு பக்கங்களில் சொல்லிவிடலாம். ஆனால், இருநூறு பக்கங்கள் வரை வாசகரைச் சலிப்பின்றி அழைத்துச் செல்வது எது? வெளிமாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில் எழுத்தார்வம் மிக்கோர் பலர் உளர். அவர்களுக்குப் பயன்படும் என்னும் நம்பிக்கையோடு சில கருத்துகளை ஈண்டுக் கூறுகிறோம்.

காதல் மட்டும் கதையாகாது. காதலுக்கு நேரும் தடையே கதை. அத்தடையும் வெளியிலிருந்து மட்டும் வருமாயின் வலுப்பெறாது. காதலர்தம் இயல்பிலிருந்தே முளைத்தல் வேண்டும்.

1944-ஆம் ஆண்டில் தொடராக வெளிவரத் தொடங்கிய கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தை நோக்குக. சிவகாமியை வாதாபிக்குச் சிறைகொண்டு சென்றவன் புலிகேசி. அது வெளித்தடை. ஆயினும், மாமல்லன் மாறுவேடம் பூண்டு அங்கே வந்து அழைத்தபோது, தன் சபதம் நிறைவேறாமல் அந்நகரைவிட்டு அகலேன் என்று மறுத்தவள் அவளே. இருவரையும் என்றென்றைக்கும் பிரித்தது அவளுடைய மானவுணர்ச்சி. அதனாலேயே அக்கதை நெஞ்சைவிட்டு நீங்குவதில்லை.

ஆங்கில நாட்டில் ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலும் இத்தகையதே. அதன் அத்தியாயங்கள் 61. டார்சி தன் காதலை முதன்முதலாக எலிசபெத்திடம் வெளியிடுவது 34-ஆம் அத்தியாயத்தில். அவளோ மறுத்துவிடுகிறாள். அவனுடைய செருக்கும், அவனைக் குறித்து அவள் விரைந்து கொண்ட முடிவுமே குறுக்கே நிற்கின்றன. எஞ்சிய 27 அத்தியாயங்களில் இருவரும் தத்தம் குறையை உணர்ந்து மாறுகின்றனர். கதையின் பெருந்திருப்பத்தை நடுப்பகுதியில் வைத்தல் எத்துணைப் பயன் தரும் என்பதை இதனால் அறியலாம்.

இனி, எழுதும் முறை. காதலைத் தொடங்குமுன், இருவரும் வாழ்வில் வேறு எதனை நாடுகின்றனர் என்பதைத் தீர்மானித்துக்கொள்க. மும்பை மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப்பெண் ஒருத்தியைக் கற்பனை செய்வோம். தம்பியின் படிப்பு முடியும்வரை குடும்பத்தைத் தாங்க வேண்டியவள் அவள். அவளோடு பணிபுரியும் மராட்டிய இளைஞனோ, நாகபுரியில் தனித்திருக்கும் முதிய தந்தையிடம் திரும்பிச் செல்ல விழைபவன். இருவர் கடமையும் நேரியதே; ஆயினும் ஒன்று நிறைவேறின் மற்றொன்று தவறும். இங்கே கதை பிறக்கிறது.

பெண்ணின் தாயைக் கொடியவளாக்கிவிடாதீர்கள். பேரக்குழந்தை தன்னோடு தமிழில் பேசுமோ, பேசாதோ என்பதே அவளுடைய அச்சமாக இருக்கலாம். நம் இல்லங்கள் பலவற்றில் வாய்விட்டுச் சொல்லப்படாமல் கிடக்கும் அச்சம் இது. அவள் பக்கத்து நியாயத்தையும் வாசகர் உணர்ந்தால்தான் மகளின் தவிப்பு அவரைச் சுடும்.

அடுத்தது இடம். நம் முன்னோர் காதலை ஐந்திணையாக வகுத்தனர். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்திற்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல் என்று நிலத்தோடு உணர்ச்சியைப் பிணைத்தனர். இன்றைய எழுத்தாளரும் இதனைக் கைக்கொள்ளலாம். நெரிசல் மிகுந்த மின்சார ரயிலும், தில்லியின் குளிர்கால மூடுபனியும், ஊருக்குச் செல்லும் வண்டி புறப்படும் நடைமேடையும் நம் திணைகளே. எவ்வுணர்ச்சிக்கு எவ்விடம் பொருந்தும் என ஆராய்ந்து அமைத்தல் வேண்டும்.

அகப்பாடல்களில் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்னும் மரபு உண்டு. இதில் நமக்கு ஒரு படிப்பினையும் அடங்கியிருக்கிறது. ஒரு நகரில் தமிழ்க் குடும்பங்கள் ஒருவரையொருவர் நன்கறிந்தே வாழ்கின்றன. அடுத்த வீட்டில் நிகழ்ந்ததை அப்படியே எழுதினால், பெயரை மாற்றினும் ஊர் அறிந்துகொள்ளும். ஒரு பெண்ணின் வாழ்வில் அது வடுவாகிவிடும். ஆதலின் உணர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, தொழில், ஊர், உறவு, நிகழ்ச்சி ஆகிய அனைத்தையும் புதிதாகப் படைத்துக்கொள்க.

எழுதத் தொடங்குமுன் முடிவை ஒரு பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்வது நன்று. ஒவ்வோர் அத்தியாயத்தின் ஈற்றிலும் காதலர் முன்னைக் காட்டிலும் நெருங்கியிருத்தல் வேண்டும். அன்றேல் விலகியிருத்தல் வேண்டும். இரண்டும் இல்லாத அத்தியாயம் தேவையற்றது. மணத்தோடு கதையை முடித்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. களவுக்குப் பின் கற்பு என்று தொல்காப்பியர் வகுத்தமையால், மணத்திற்குப் பிந்திய ஊடலும் பிரிவும்கூடக் காதற்பொருளே என்பது விளங்கும்.

நேரமில்லை என்று தயங்க வேண்டா. அடுக்களை வேலையோ அலுவலகமோ முடிந்தபின் நாளொன்றுக்கு 300 சொற்கள் எழுதினால், 200 நாட்களில் 60,000 சொற்கள் சேர்ந்துவிடும். அது ஒரு புதினத்திற்குப் போதுமான அளவாகும்.

பிறமொழி வழங்கும் நகரங்களில் தமிழர் எவ்வாறு அன்பு கொண்டனர், எதனை விட்டுக்கொடுத்தனர், எதனை இழக்க அஞ்சினர் என்பவற்றை அங்கு வாழ்ந்தவர்தாம் உள்ளபடி உரைக்க இயலும். நாம் எழுதாவிடின், நம் பேரர்கள் இவற்றை வேறெவ்விடத்தும் படித்தறிய வழியிராது. இன்றிரவே முதற் பக்கத்தைத் தொடங்குங்கள்.