திசைகாட்டியை ஏமாற்றும் கம்பி

விசைப்படகு ஒன்றின் சுக்கான் அறையை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஜி.பி.எஸ்., ஆழம் அறியும் எதிரொலிக் கருவி, வயர்லெஸ், விளக்கு எல்லாம் 12 வோல்ட் பாட்டரியுடன் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றினிடையே மின்சாரமே வேண்டாத கருவி ஒன்றும் உண்டு. அதுதான் காந்தத் திசைகாட்டி. மற்றவை பழுதுபட்டால் கரைக்கு வழிகாட்டுவது அதுவே. ஆனால், கம்பிகளைக் கவனமின்றி இணைத்தால் அதுவும் பொய் சொல்லும்! எவ்வாறு என்று காண்போம்.

மின்னோட்டம் பாயும் கம்பியருகே காந்த ஊசி திரும்புவதை 1820 ஆம் ஆண்டில் டென்மார்க் அறிஞர் ஆர்ஸ்டெட் வெளியிட்டார். கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் தோன்றுவதே இதற்குக் காரணம்.

60 வாட் விளக்கு ஒன்று 12 வோல்ட்டில் எரியும்போது 5 ஆம்பியர் பாய்கிறது. அதன் ஒற்றைக் கம்பி, திசைகாட்டிக்கு 10 செ.மீ. கீழே, படகின் நீளவாக்கில் செல்வதாகக் கொள்வோம். அங்கே அது உண்டாக்கும் புலம் 10 மைக்ரோடெஸ்லா. தமிழகக் கரையோரம் புவிக்காந்தப் புலத்தின் கிடைக்கூறு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. படகு வடக்கு நோக்கிச் சென்றால் இவ்விரு புலங்களும் செங்குத்தாக அமையும். எனவே ஊசி விலகும் கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்பு 10/40, அதாவது 0.25. கோணம் ஏறத்தாழ 14 பாகை! இப்பிழையுடன் 20 கி.மீ. சென்றால், படகு சுமார் 5 கி.மீ. பக்கவாட்டில் விலகிவிடும். இருளில் பாறையோ கடல் எல்லையோ அருகிலிருந்தால் என்னவாகும்?

பிழையைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாமே என்பீர்கள். படகு கிழக்கே திரும்பினால் கம்பியின் புலம் வடக்கு-தெற்காக அமைவதால் விலகல் இராது. விளக்கை அணைத்தாலும் இராது. இப்படி மாறும் பிழையை எவ்வாறு கழிப்பது?

தீர்வு எளியது. போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒன்றாக முறுக்கிவிட வேண்டும். இரண்டிலும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் பாய்வதால், அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். காந்தம் உள்ள ஒலிபெருக்கியையும் தள்ளியே வைக்க வேண்டும்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். டார்ச் செல், பல்பு, சிறு திசைகாட்டி, காப்பிட்ட கம்பி ஆகியவை போதும். ஊசியின் மேல் ஒட்டினாற்போல், அதன் நீளவாக்கில் ஒரு கம்பியை மட்டும் பிடித்துப் பல்பை எரியவிடுங்கள், ஊசி அசையும். இரு கம்பிகளையும் முறுக்கிப் பிடியுங்கள், ஊசி அசையாது. முறுக்கிய கம்பி காப்பது ஊசியை மட்டுமா? அதை நம்பிக் கடலுக்குச் செல்பவர்களையும் அல்லவா!