பொன்மலையே! ஒரு பழைய டீசல் என்ஜினாவது உறுமட்டும்!

"டுக்... டுக்... டுக்..."

வண்டி கண்ணில் படும் முன்பே திருச்சி ஜங்ஷனில் இந்தச் சத்தம் கேட்கும். கிளம்பும்போது குப்பென்று கரும்புகை! வெள்ளை வேட்டிக்காரர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள்.

புகை ஏன்?

டிரைவர் கைப்பிடியைத் திருப்பியதும் டீசல் பாய்ந்துவிடும். காற்றைத் தள்ளும் டர்போ வேகம் பிடிக்கச் சில நொடி ஆகும். அதுவரை அரைகுறையாக எரியும் எண்ணெய்தான் அந்தப் புகை. 16 சிலிண்டர், 2 ஆயிரத்து 600 குதிரை சக்தி. ஆனால் அது நேராகச் சக்கரத்தைச் சுற்றாது. கரண்ட் உண்டாக்கும், மோட்டார்தான் சுற்றும்.

கம்பெனி போச்சு, என்ஜின் ஓடிச்சு!

அமெரிக்காவின் 'ஆல்கோ' கம்பெனி டிசைன் இது. 1964 முதல் வாரணாசியில் நம்ம ஆட்களே செய்தார்கள். 1969-ல் ஆல்கோவையே இழுத்து மூடியாச்சு. இங்கே அதன் என்ஜின்கள் பல பத்தாண்டு ஓடின.

இப்போ சென்னை, மதுரை தடத்தில் மின்சார ரெயில். புகை இல்லை; நல்லதுதான். 2018-ல் வாரணாசியிலேயே பழைய டீசலை மின்சார என்ஜினாக மாற்றிவிட்டார்கள்.

மிச்சம் வைப்பார்களா?

1928-ல் நாகப்பட்டினத்தில் இருந்து பொன்மலைக்கு வந்த பட்டறை, ஊட்டி ரெயிலுக்குப் புது நீராவி என்ஜினே செஞ்சு கொடுத்தது. ஒரே ஒரு டீசலை ஓடுற நிலையில் வைக்க முடியாதா?

பெயிண்ட் அடித்து வாசலில் நிறுத்தினால் அது பொம்மை. ஸ்டார்ட் ஆனால்தான் என்ஜின்! அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த தொழிலாளிகள் எல்லாரும் ரிட்டயர் ஆவதற்குள் செய்யணும், சார்!