கடைமடைக்கு வராத ரத்தம்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்றொரு ஊர். பெயருக்கேற்றாற்போல ஆண்டுதோறும் ஆகஸ்டில் இரட்டையர்கள் அங்கே திரண்டு விழா எடுக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு இது கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. பிளாஸ்டிக் சர்ஜன் பாமன் குயுரான் குழுவினர் அந்த விழாவில் 79 ஜோடிகளைப் படமெடுத்தார்கள். சில ஜோடிகளில் ஒருவர் மட்டும் புகைப்பவர். மற்றவற்றில் இருவருமே புகைப்பவர்கள்; ஆனால் ஒருவர் குறைந்தது 5 ஆண்டுகள் கூடுதலாகப் புகைத்தவர். யார் எவர் என்று தெரியாத நடுவர்கள் படங்களை ஒப்பிட்டார்கள். புகைத்தவரின் மேல் இமை தொங்கியிருந்தது, கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது, மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு ஆழமாக இருந்தது. ஐந்தே ஆண்டு வித்தியாசம்கூட முகத்தில் தெரிந்தது. முடிவுகள் 2013இல் வெளியாயின.

இது ஏன் நடக்கிறது? நம் உடம்பில் தோல் கடைமடை வயல். இதயம், மூளை, சிறுநீரகம் எல்லாம் தலைமடையில் உட்கார்ந்து தங்கள் பங்கை வாங்கிக்கொள்ளும். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும்போது முதலில் காய்வது தோல்தான். வந்து சேர்கிற கொஞ்ச ரத்தத்திலும் கோளாறு: புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் துண்டு போட்டுவிடுகிறது.

போதாததற்கு, தோலுக்கு முட்டுக் கொடுக்கும் கொலாஜன் இழைகளை வெட்டுகிற ஒரு நொதி புகைப்பவர்களிடம் அதிகம் சுரக்கிறது. 2001இல் 'லான்செட்' இதழில் இதை எழுதியவர்கள், சோதனைக்குப் புட்டத்துத் தோலை எடுத்துக்கொண்டார்கள். வெயில் மீது யாரும் பழி போட முடியாது அல்லவா!

சுருக்கம் வந்தால் வரட்டும், ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டால் போகிறது என்று நினைப்பவர்கள்தான் இங்கே சிக்குகிறார்கள். அந்த அறுவை சிகிச்சையில் கன்னத்துத் தோலை அடியிலுள்ள திசுவிலிருந்து பிரித்து, இழுத்து, மிச்சத்தை வெட்டிக் காதோரம் தைப்பார்கள். பிரிக்கும்போது அடியிலிருந்து வரும் குழாய்கள் அறுபட்டுவிடும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பகுதி வழியாக வரும் ரத்தத்தை நம்பித்தான் அந்தத் தோல் சில நாள் உயிர் பிழைக்க வேண்டும். தையல் போட்ட காதோரம் கடைமடையிலும் கடைமடை. புகைப்பவருக்கு அங்கே தோல் கறுத்து, செத்து உரிந்துவிடலாம். புண் ஆற வாரக்கணக்கில் ஆகும், தழும்பும் நிற்கும். நியூயார்க்கின் தாமஸ் ரீஸும் சகாக்களும் ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்ட 1,186 பேரின் பதிவுகளை அலசி 1984இல் எழுதினார்கள்: தோல் இப்படிச் செத்துப்போகும் வாய்ப்பு புகைப்பவர்களுக்கு 12 மடங்கு. சிகரெட் போட்ட கோடுகளை அழிக்க வருபவருக்கே சிகரெட் மறுபடி குறுக்கே நிற்கிறது. வயிற்றுச் சதை குறைப்பு, மார்பகச் சிகிச்சை என்று தோலை அகலமாகப் பிரிக்கும் எல்லா ஆபரேஷனுக்கும் இதே கதைதான்.

அறுவை சிகிச்சைக்கு 4 வாரம் முன்பே நிறுத்தினால் சிக்கல்கள் குறைகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் வெளியேறிவிடும். தோல் தேறத்தான் அந்த வாரங்கள். "சிகரெட்டைத்தான் விட்டுட்டேனே டாக்டர்" என்று வெற்றிலையோடு புகையிலையை அதக்கிக்கொண்டு சொல்பவர்கள் நம் ஊரில் உண்டு. குழாயைச் சுருக்குவது நிகோட்டின். அது வாய் வழியே வந்தாலும் அதே வேலையைத்தான் செய்யும். இ-சிகரெட்டுக்கும் இது பொருந்தும். நிகோட்டின் சூயிங்கம் மெல்பவர்கள் அதையும் சர்ஜனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சர்ஜன் கேட்டால் மறைக்காதீர்கள். நிகோட்டின் உடம்பில் சிதைந்து உண்டாகும் கோட்டினின் சிறுநீரில் சில நாள் தங்கும். சோதித்துப் பார்த்து ஆபரேஷன் தேதியையே தள்ளிவைக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.