பழ ஈயும் பெயர் ஐயமும்

ஓர் உயிருக்கு இடப்படும் விஞ்ஞானப் பெயர் என்றும் மாறாத முத்திரை என மாணவர் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. அவ்வுயிரைப்பற்றி அறிஞர் கொண்ட கருத்தின் சுருக்கமே பெயர். சான்று மாறுமிடத்துப் பெயரும் மாறும். மா, கொய்யா, பப்பாசி முதலிய கனிகளுள் முட்டையிட்டு, தன் புழுக்களால் அவற்றைப் பாழாக்கும் கீழைத்தேயப் பழ ஈயின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1912 ஆம் ஆண்டில் ஹெண்டல் என்பார், அன்று போமோசா எனப்பட்ட தைவான் தீவின் ஈக்களை ஆராய்ந்து ‘டோசாலிஸ்’ என்னும் இனப்பெயரை இட்டார். அவர் அதனை வைத்த டாக்கஸ் என்னும் சாதியினின்று, அது பின்னர் பக்ற்றோசெரா என்னும் சாதிக்கு மாற்றப்பட்டது. 1994 இல் ட்ரூ, ஹாங்கொக் என்னும் இருவர் அதனையொத்த ஈக்கள் பலவற்றைத் தனியினங்களாகப் பிரித்தனர். பப்பாயே, பிலிப்பினென்சிஸ் என்பன அவற்றுட் சில. 2003 இல் கெனியாவில் ஒரு பழ ஈ புதிதாகக் காணப்பட்டது. இலங்கையிற் பெற்ற ஈக்கள் சில அதனை ஒத்திருந்தமையால், அவையிரண்டும் ஓரினமெனக் கொள்ளப்பட்டு, 2005 இல் ‘படையெடுப்பது’ எனப் பொருள்படும் இன்வாடென்ஸ் என்னும் பெயரைப் பெற்றன.

இவ்வையம் ஏட்டளவில் நிற்பதன்று. தன்னிடத்தில்லாத பீடையினம் பிறநாட்டில் உண்டெனக் கருதும் நாடு அந்நாட்டுக் கனிகளைத் தடுத்தல்கூடும். மலடாக்கிய ஆண் ஈக்களைப் பரப்பிப் பீடையைக் குறைக்கும் முறையும் இனவொருமையையே நம்பியது. பெண் ஈ அவ்வாணோடு கூடாதெனின் முயற்சி முழுதும் வீணாகும்.

ஆதலின் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் சர்வதேச அணுசக்தி நிறுவனமும் துணைநிற்கப் பன்னாட்டறிஞர் கூடி ஆராய்ந்தனர். உடலமைப்பு, மரபணு, புணர்ச்சிப் பழக்கம் என்பவற்றை ஒப்புநோக்கினர். அவ்வீக்கள் தம்முட் கலந்து சந்ததி ஈனுதல் கண்டனர். 2015 இல் பப்பாயே, பிலிப்பினென்சிஸ், இன்வாடென்ஸ் ஆகிய மூன்றும் டோசாலிஸ் என்பதன் மறுபெயர்களே என அறிவித்தனர். முந்திய பெயருக்கே உரிமை என்பது பெயரிடல் விதி. ஆயினும் கரம்போலே என்னும் நெருங்கிய உறவினம், சான்று வேறுபட்டமையால், தனித்தே நின்றது. 2016 இல் ட்ரூ முதலானோர் இம்முடிபை மறுத்து இன்வாடென்சை மீண்டும் தனியினமாக்கினர். எனினும் இணைப்பே பெரும்பாலும் வழக்கிலுள்ளது.

காண்கின்ற வேற்றுமை இனவேற்றுமையோ, ஓரினத்துள் அமைந்த வேற்றுமையோ என்பதே இங்கு எழும் வினா. கண்மட்டும் அதனைத் தீர்க்கமாட்டாது. பெயரை மனனஞ்செய்யும் மாணவன் அதனைத் தாங்கிநிற்கும் சான்று யாதெனவும் வினவுதல் வேண்டும்.