மேடையை விலைக்கு வாங்காத ஸ்பான்சர்

புனேயின் கோர்படியில், பி.டி. கவடே சாலையை ஒட்டி இருபது முப்பது பேர் வேலை பார்க்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “இரண்டு நாள் ஓப்பன் சோர்ஸ் மாநாடு நடத்துகிறோம். லாப நோக்கம் இல்லை. ஏற்பாடு செய்பவர்கள் அனைவரும் தன்னார்வலர்கள். உங்கள் ஆதரவு வேண்டும்.” பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தொகைகள் அடுக்கிய அட்டவணையும் கூடவே வரும். முதலாளி அதை மனிதவளப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார். அவர்கள் “இதில் நமக்கு என்ன கிடைக்கும்?” என்பார்கள். கணக்காளரோ “இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?” என்பார். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். சரியான பதில் யாரும் சொல்லாததால் அந்த மின்னஞ்சல் அப்படியே அடியில் போய்விடுகிறது.

இத்தகைய மாநாடுகள் புனேக்குப் புதியவை அல்ல. சிம்பயோசிஸ் கணினிக் கல்வி நிறுவன மாணவர்கள், புனே லினக்ஸ் பயனர் குழுவின் துணையோடு ‘க்னூனிஃபை’ மாநாட்டைப் பல ஆண்டுகள் நடத்தினார்கள். 2011 செப்டம்பரில் பைத்தான் நிரல்மொழிக்கான மாநாடான பைகான் இந்தியா பெங்களூரைவிட்டு முதன்முறையாக இங்கே வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஃபெடோரா லினக்ஸ் பயனர்களும் உருவாக்குநர்களும் கூடும் ஃபட்கான், புனே பொறியியல் கல்லூரியில் நடந்தது. 2015-இல் மீண்டும் ஒரு ஃபட்கான் இதே நகரில் நடந்தது. ஃபட்கானுக்குக் கட்டணம் இருந்ததில்லை. ஃபெடோராவின் பின்னால் நிற்கும் ரெட் ஹாட்டின் புனே அலுவலகம், கோர்படியிலிருந்து கொஞ்ச தூரத்தில் மகர்பட்டாவில்தான் இருந்தது.

தமிழ் வாசகருக்கு இந்த ஊரோடு இன்னும் நெருக்கமான தொடர்பு உண்டு. லினக்ஸ் கணினிகளில் நெடுங்காலம் தமிழைக் காட்டிய எழுத்துருக்களில் ஒன்று லோகித் தமிழ். அந்த எழுத்துரு வரிசையை உருவாக்கியது புனேயின் மாடுலர் இன்ஃபோடெக். ரெட் ஹாட் அதை 2004-இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. 2011-இல் அது திறந்த எழுத்துரு உரிமத்துக்கு மாறியது. அதன் பிறகும் புனேயில் இருந்த பொறியாளர்கள்தான் அதைச் சீர்செய்து வந்தார்கள். ஒரு நிறுவனம் பணம் போட்டது, பலன் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. மாநாட்டுக்கு ஸ்பான்சர் ஆவதும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. கொடுத்தவரின் பெயர் தெரியும், ஆனால் கிடைத்தது பொதுச்சொத்தாகிவிடும்.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் பார்க்க முடிந்தது 2023-இல். டெபியன் லினக்ஸ் திட்டத்தின் ஆண்டு மாநாடான டெப்கான், அந்த ஆண்டு செப்டம்பர் 10 முதல் 17 வரை கொச்சியில் நடந்தது. இந்தியாவில் அது நடந்தது அதுவே முதல் முறை. 35 நாடுகளிலிருந்து 474 பேர் வந்தார்கள். பிளாட்டினம் ஸ்பான்சர்கள் மூவர்: இன்ஃபோமேனியாக், ப்ராக்ஸ்மாக்ஸ், சீமென்ஸ். இவர்கள் ஏன் பணம் கொடுத்தார்கள் என்பதற்கு இவர்களுடைய தொழிலே விடை சொல்லும். ப்ராக்ஸ்மாக்ஸ் விற்கும் மெய்நிகராக்க மென்பொருள் டெபியன் மீதுதான் எழுப்பப்பட்டிருக்கிறது. சீமென்ஸ் தன் தொழிற்சாலைக் கருவிகளில் டெபியனைப் பயன்படுத்துகிறது. தங்கள் கடையைத் தாங்கி நிற்கும் அடித்தளத்தை யார் பராமரிக்கிறார்களோ, அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் சந்தித்துப் பேசவேண்டும் என்பது இந்நிறுவனங்களின் சொந்தத் தேவை. அதே ஆண்டு ஜனவரியில், இதன் சிறிய வடிவமான மினி டெப்கான் தமிழ்நாடு, விழுப்புரத்தில் இரண்டு நாள் நடந்தது. ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ளூர் லினக்ஸ் குழு முன்னின்று நடத்திய அந்தக் கூடல், என்னைப் பொறுத்தவரை கொச்சி மாநாட்டுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

சரி, பணம் எங்கே போகிறது? அரங்க வாடகை, சாப்பாடு, ஒலி, ஒளி, வீடியோ பதிவு, பேச்சாளர்களின் பயணம், தங்குமிடம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத் தலைக்கு 200 ரூபாய் என்று வைத்தால், 300 பேருக்கு இரண்டு நாள் மதிய உணவு மட்டுமே 1,20,000 ரூபாய். இதை நுழைவுக் கட்டணத்தில் ஏற்றினால் முதலில் விலகிப்போவது மாணவர்கள்தான். பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற ஓப்பன் சோர்ஸ் மாநாட்டுக்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகலாம். ஸ்பான்சர்களும் நன்கொடையாளர்களும் சேர்ந்துதான் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

இந்தச் செலவுகளில் எதற்குக் கொடுப்பது மேல் என்று என்னைக் கேட்டால், பயண உதவித்தொகை என்றுதான் சொல்வேன். பெயர் பொறித்த பை, பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரு மாதத்தில் மூலைக்குப் போய்விடும். லாத்தூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஒரு மாணவிக்கு ரயில் டிக்கெட்டும் இரண்டு இரவு தங்குமிடமும் கிடைத்தால், தான் தினமும் பயன்படுத்தும் நிரலை எழுதியவரை அவள் நேரில் பார்த்துக் கேள்வி கேட்பாள். திரும்பிப் போய்த் தன் முதல் திருத்தத்தை அனுப்பவும் கூடும். டெப்கான் போன்ற மாநாடுகள் இந்த உதவித்தொகைக்கென்றே தனியாக நிதி ஒதுக்குகின்றன. நீங்கள் கொடுக்கும் தொகையில் இவ்வளவு பயணத்துக்குப் போகவேண்டும் என்று அமைப்பாளர்களிடம் கேட்பதில் தவறே இல்லை.

இனி, “நமக்கு என்ன கிடைக்கும்?” என்ற கேள்வி. வலைத்தளத்திலும் பேனரிலும் நிறுவனத்தின் சின்னம், தொகைக்கேற்ப ஒரு காட்சி அரங்கு, சில நுழைவுச் சீட்டுகள், தொடக்க விழாவில் ஒரு நன்றி. ஆள் தேடும் நிறுவனத்துக்கு அந்த அரங்கு பெரிய வாய்ப்பு. விடுமுறை நாளில் தானாக எழுந்து வந்து கற்றுக்கொள்ளும் இளைஞர்களை வேறு எங்கே இத்தனை பேராகப் பார்க்க முடியும்?

ஆனால் மேடை கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. இந்த இடத்தில்தான் சமூக மாநாடும் வணிகக் கண்காட்சியும் பிரிகின்றன. யார் பேசுவது என்பதை முன்மொழிவுகளைப் படித்துப் பார்க்கும் குழு முடிவு செய்யும். வேர்ட்பிரஸ் சமூகத்தின் வேர்ட்கேம்ப் மாநாடுகளுக்கான நெறிமுறைகள், பேசும் வாய்ப்பை ஸ்பான்சர் தொகைக்கு ஈடாகத் தரக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. உங்கள் பொறியாளர் நல்ல தலைப்போடு எல்லோரையும்போல விண்ணப்பிக்கலாம். தேர்வானால் அது அவருடைய தகுதி. சில மாநாடுகள் ‘ஸ்பான்சர் உரை’ என்று தனியாக ஒரு நேரம் ஒதுக்குவதுண்டு. அப்படி ஒதுக்கினால் நிகழ்ச்சி நிரலில் அந்தப் பெயரோடே அது அச்சாக வேண்டும். இந்தக் கோடு அழிந்த மாநாட்டில் மூன்றாம் ஆண்டு நல்ல பேச்சாளர்கள் இருக்கமாட்டார்கள், விளம்பரம் மட்டுமே மிஞ்சும். அப்போது ஸ்பான்சருக்கும் நஷ்டம்தான்.

வந்தவர்களின் தொலைபேசி எண் பட்டியலையும் கேட்காதீர்கள். 2023-இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் தரவைப் பயன்படுத்த அவரது ஒப்புதலை அடிப்படையாக வைக்கிறது. அரங்குக்கு வருபவர் தாமாக எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மாநாட்டின் நடத்தை விதிகள் அரங்கில் நிற்கும் உங்கள் ஊழியருக்கும் பொருந்தும் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள்.

கணக்காளரின் கேள்விதான் கொஞ்சம் சிக்கலானது. சின்னம், அரங்கு என்று பதிலுக்கு ஏதாவது பெற்றால் அது விளம்பரச் செலவு. எதையும் பெறாமல் கொடுத்தால்தான் நன்கொடை. பெறும் அமைப்புக்கு அதற்கான வருமான வரித்துறை அனுமதி இருந்தால் மட்டுமே அதற்கு வரிச்சலுகை உண்டு, அதுவும் நீங்கள் தேர்ந்தெடுத்த வரிமுறை இடம் கொடுத்தால். சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கொடுத்துவிடலாமே என்று பெரிய நிறுவனங்கள் நினைக்கும். 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம், இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி தன் சராசரி லாபத்தில் 2% செலவிட வேண்டும் என்பது கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. ஆனால் தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பரப் பலன் தேடி ஸ்பான்சர் செய்யும் நிகழ்ச்சிகளை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்று 2021-இல் திருத்திய விதிகள் தெளிவாகச் சொல்லிவிட்டன.

ஜிஎஸ்டியும் உண்டு. பெறும் அமைப்பு சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ இருந்தால், ஸ்பான்சர் தொகைக்கான 18% வரியைக் கட்டும் பொறுப்பு பணம் கொடுக்கும் கம்பெனியின் மேல் விழும். அமைப்பே லாப நோக்கமற்ற கம்பெனியாகப் பதிவாகி, ஜிஎஸ்டி வரம்புக்குள்ளும் வந்திருந்தால், 2025 ஜனவரி 16 முதல் அதுவே தன் விலைச்சிட்டையில் வரியைச் சேர்த்து வாங்கவேண்டும். ஆக, அமைப்பு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. வெளிநாட்டுத் தாய் நிறுவனம் நேரடியாக நன்கொடை அனுப்புவதாக இருந்தால், பெறுபவருக்கு 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ தேவை. பல சிறு குழுக்களுக்கு அது கிடையாது.

வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறதா, சென்ற ஆண்டின் வரவு செலவை வெளியிட்டார்களா, மீதிப் பணம் என்ன ஆனது? இந்த மூன்றையும் கேட்டாலே ஓர் அமைப்பைப் பற்றிப் பெரும்பாலும் தெரிந்துவிடும். பைகான் இந்தியாவை நடத்துவது இந்தியப் பைத்தான் மென்பொருள் சங்கம். பெங்களூரில் ஆண்டுதோறும் இந்தியாஃபாஸ் மாநாட்டை நடத்துவது ஃபாஸ் யுனைடெட். இவை இரண்டும் முறையாக அமைந்தவை. இப்படி எந்த அமைப்பும் இல்லாத சிறு குழுவாக இருந்தால், பதிவு பெற்ற ஏதாவது ஓர் அமைப்பு அவர்களுக்காகப் பணத்தைப் பெற்றுக் கணக்கு வைக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம்.

கொடுப்பதென்று முடிவெடுத்தால் சீக்கிரம் கொடுங்கள். மாநாட்டு மண்டபக்காரர் முன்பணம் இல்லாமல் தேதி தரமாட்டார். நிறுவனங்களோ விலைச்சிட்டை வந்து 60 நாள், 90 நாள் கழித்துத்தான் பணம் அனுப்பும் பழக்கத்தில் இருக்கின்றன. இடையில் தன்னார்வலர் தன் சம்பளத்திலிருந்தோ கடன் அட்டையிலிருந்தோ எடுத்துக் கட்டவேண்டி வருகிறது. மாநாட்டுக்கு மூன்று மாதம் முன்பே வந்துசேரும் வெண்கலத் தொகை, முடிந்தபின் வரும் தங்கத் தொகையைவிட அவர்களுக்குப் பெரிது.

தொகை கொடுக்க முடியாத நிறுவனத்திடமும் கொடுக்க ஒன்று இருக்கிறது. கோர்படியிலும் கோரேகான் பார்க்கிலும் சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் அலுவலகங்களில் ஐம்பது பேர் உட்காரும் கூடம் உண்டு, புரொஜெக்டர் உண்டு, இணையம் உண்டு. மாநாட்டுக்கு முந்தைய பயிலரங்குகளுக்கும், மாதந்தோறும் கூடும் பயனர் குழுக்களுக்கும் இடம்தான் தீராத பிரச்சினை. வருபவர்களின் பெயர்ப் பட்டியலை முந்தின நாளே காவலாளியிடம் கொடுத்து, விருந்தினருக்கான வைஃபை கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, கழிப்பறையைத் திறந்து வைத்து, சாவியோடு ஓர் ஊழியர் மாலை வரை இருந்தால் போதும்.