விழுந்தால் சிவப்பு

பொன்னேரியைச் சுற்றியுள்ள வயல்களில் பம்புசெட் ஓட்டுகிறவர்கள் ரிலேயின் தத்துவத்தைத் தினமும் கையால் தொடுகிறார்கள். ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே ‘டக்’ என்று சத்தம் கேட்கும். காயிலில் சிறிதளவு மின்சாரம் பாய்ந்து, அது காந்தமாகி, எதிரே உள்ள இரும்பை இழுத்துப் பிடிக்கிறது. இரும்போடு சேர்ந்து நகரும் முனைகள் மூன்று ஃபேஸையும் மோட்டாருக்குக் கொடுக்கின்றன. கரண்ட் போனால் பிடி விட்டுவிடும். திரும்பி வந்தாலும், யாராவது பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் தானாகச் சுழலாது. அந்த நேரத்தில் பெல்ட்டில் கை வைத்திருப்பவர் பிழைக்கிறார். சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை ஆளும் கருவி என்றே ரிலேயைச் சொல்லிப் பழகிவிட்டோம். அதன் அருமை, இழுத்துப் பிடிப்பதைவிட விட்டுவிடுவதில்தான் அதிகம்.

இதை முழுதாக உணர்ந்தது ரயில்வே. 1872இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட்டில், தண்டவாளத் துண்டின் ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே. தடம் காலியாக இருக்கும்வரை மின்சாரம் தண்டவாளம் வழியே வந்து ரிலேயைத் தூக்கி வைத்திருக்கும். வண்டி ஏறியதும் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, மின்சாரம் அந்தக் குறுக்குவழியில் போய்விடுகிறது. ரிலே விழுகிறது, சிக்னல் சிவப்பாகிறது. பேட்டரி தீர்ந்தாலும் கம்பி அறுந்தாலும் அதே சிவப்புதான். இந்திய ரயில்வேயின் பல சிக்னல் ரிலேக்களில் இரும்பு தன் எடையாலேயே கீழே விழும். முனைகள் ஒட்டிக்கொள்ளாதபடி உலோகத்துக்கு எதிரே கரி வைத்திருப்பார்கள்.

சின்னப் பழுதுக்கெல்லாம் வண்டி நின்றால் எப்படி என்று கேட்கலாம். பழவேற்காட்டு மீனோடு சென்னைக்குப் புறப்பட்டவருக்கு ஐஸ் கரையும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம்தான். ஆனால் அந்த நஷ்டத்துக்குக் கணக்கு உண்டு, ஈடு உண்டு. தவறான பச்சைக்கு இரண்டும் இல்லை. கணினி வந்தபின் இந்தப் பழைய கருவி எதற்கு என்பது அடுத்த கேள்வி. முடிவைக் கணினி எடுக்கும் பல நிலையங்களிலும், அதை வெளியே உள்ள சிக்னலுக்குக் கொண்டுபோவது இன்னும் ரிலேதான். மின்னணு சுவிட்ச் கெட்டால் பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே நின்றுவிடும். விழுந்த ரிலேயின் முனைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது.

இத்தனை காவல் இருந்தும் பாலசோர் ரயில் விபத்து நடந்ததே என்பதுதான் கடினமான கேள்வி. 2023 ஜூன் 2 அன்று, பொன்னேரி வழியே சென்னை வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ், அங்கே பஹாநகா பஜார் நிலையத்தில் பச்சை சிக்னலை நம்பிச் சென்று, பக்கத் தடமான லூப் லைனில் நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் சுற்றில் மாற்றம் செய்தபோது நேர்ந்த தவறான இணைப்புகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. கருவி கெட்டால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை முன்கூட்டியே அமைத்துவிடலாம். எந்தக் கம்பியை எங்கே கட்டுவது என்பது மனிதர் கையில் இருக்கிறது. அதனால்தான் ஒரு கம்பியை மாற்றினாலும் முழுச் சுற்றையும் சோதித்த பிறகே வண்டியை விட வேண்டும். வயலில், மின்சாரம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே அடிக்கடி டிரிப் ஆகிறதென்று அதை விலக்கி நேரடியாக ஒயர் கொடுப்பவரும் மோட்டார் எரியும்போது இதைத்தான் கற்கிறார். ரிலே விட்டுவிட்டால், மறுபடி பொத்தானை அழுத்துமுன் ஏன் விட்டது என்று பார்க்க வேண்டும்.